மதம் வளர்கிறதா, தேய்கிறதா? இரண்டு செய்தியும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது எப்படி

2025 ஈஸ்டருக்கு முந்தைய இரவு, பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்களில் திருமுழுக்குப் பெற்ற வயதுவந்தோர் 10,384 பேர். முந்தைய ஆண்டைவிட 45 சதவீதம் அதிகம். அதே ஏப்ரலில் பிரிட்டனில் ஒரு கருத்துக்கணிப்பு வந்தது. 18 முதல் 24 வயதுக்காரர்களில் மாதம் ஒருமுறையாவது தேவாலயம் போவோர் 2018-இல் 4 சதவீதம். 2024-இல் 16 சதவீதம் என்றது அது. இளைய தலைமுறை கடவுளிடம் திரும்புகிறது என்று தலைப்புகள் ஓடின.

இரண்டே மாதத்தில், ஜூனில், அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2010 முதல் 2020 வரையிலான உலகக் கணக்கை வெளியிட்டது. கிறிஸ்தவத்தில் புதிதாகச் சேரும் ஒருவருக்கு, அதில் வளர்ந்து வெளியேறுபவர்கள் மூன்று பேர் என்றது. எந்த மதத்தையும் சாராதவர்கள் பத்தாண்டில் 27 கோடி கூடி 190 கோடி ஆகியிருந்தார்கள். அதே அறிக்கையில் முஸ்லிம்கள் 34.7 கோடி கூடி 200 கோடியைத் தொட்டிருந்தார்கள். இவற்றில் எதை எடுத்துக்கொள்வது?

எல்லாவற்றையும்தான். மனிதர்களைத் தனித்தனியாகப் பார்த்தால், மதத்துக்குள் வருவோரைவிட விலகுவோர் அதிகம். பிள்ளைகள் எங்கே பிறக்கிறார்கள் என்று பார்த்தால், மதப்பற்று மிகுந்த நாடுகளில்தான் அதிகம் பிறக்கிறார்கள். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் உலகச் சராசரி பெரிதாக அசைவதில்லை. ஏதோ ஒரு மதத்தைச் சார்ந்தவர்கள் 2010-இல் 76.7 சதவீதம், 2020-இல் 75.8 சதவீதம். பத்தாண்டில் ஒரு சதவீதப் புள்ளிகூட முழுசாக இறங்கவில்லை. ஆனால் அந்த அசையாத எண்ணுக்கு அடியில் நடப்பவை சாதாரணமானவை அல்ல.

## எதை அளக்கிறோம்?

'மதம்' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு தனித்தனி விஷயங்கள் கிடக்கின்றன. குழப்பத்தில் பாதி, இவற்றை ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வருவது.

1. அரசு. மதச்சார்பற்ற அரசு என்பது அரசின் தன்மை, மக்களின் தன்மை அல்ல. இந்திய அரசு மதச்சார்பற்றது. இந்தியர்களில் 97 சதவீதம் பேர் கடவுளை நம்புவதாக 2019–20-இல் எடுத்த பியூ ஆய்வு சொல்கிறது. இங்கிலாந்தில் இது தலைகீழ். மன்னரே திருச்சபையின் தலைவர், 26 ஆயர்களுக்குப் பிரபுக்கள் அவையில் இருக்கை உண்டு. ஆனால் 2021 கணக்கெடுப்பில், இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்த பகுதியில் கிறிஸ்தவர் என்று எழுதியவர்கள் 46.2 சதவீதம்தான். பத்தாண்டுக்கு முன் 59.3 சதவீதம்.

2. அடையாளம். 'நான் இந்த மதம்' என்று ஒருவர் படிவத்தில் எழுதுவது.

3. நடைமுறை. கோயிலுக்கோ, பள்ளிவாசலுக்கோ, தேவாலயத்துக்கோ போவது, தொழுவது, நோன்பிருப்பது.

4. நம்பிக்கையும் முக்கியத்துவமும். கடவுள் உண்டா, மதம் உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம் என்று கேட்டால் வரும் பதில்.

நான்கும் சேர்ந்தே நகர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ரஷ்யாவைப் பாருங்கள். சோவியத் ஒன்றியம் உடைந்த 1991-இல் தன்னை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் என்று சொன்ன ரஷ்யர்கள் 31 சதவீதம். 2008-இல் 72 சதவீதம். பிரமாண்டமான மதத் திரும்புதல் என்றுதான் தோன்றும். ஆனால் மாதம் ஒருமுறையாவது தேவாலயம் போவோர் அதே காலத்தில் 2 சதவீதத்திலிருந்து 7 சதவீதமானார்கள், அவ்வளவுதான். அடையாளம் ஏறியது, நடைமுறை தரையோடு கிடந்தது. திரும்பி வந்தது நாடு, இனம், வரலாறு பற்றிய ஒரு பெருமிதம். அதற்குச் சிலுவை ஒரு சின்னமாகக் கிடைத்தது என்பதே என் வாசிப்பு.

இன்னொரு வழக்கமான தவறு, 'மதம் சாராதவர்' என்றால் நாத்திகர் என்று எடுத்துக்கொள்வது. அமெரிக்காவில் 2023–24-இல் மதம் சாராதோர் 29 சதவீதம். அதில் நாத்திகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர்கள் நாட்டு மக்களில் 5 சதவீதம்தான். 19 சதவீதம் பேர் 'குறிப்பாக எதுவும் இல்லை' என்பவர்கள். இவர்களில் கடவுளை நம்புகிறவர்கள் ஏராளம்.

## ஒரு நாட்டின் கணக்கு உலகக் கணக்கை மாற்றியது

2015-இல் இதே பியூ மையம் வெளியிட்ட கணிப்பு, உலகில் மதம் சாராதவர்களின் பங்கு 2010-இல் 16.4 சதவீதம், அது 2050-க்குள் 13 சதவீத அளவுக்குச் சுருங்கும் என்றது. 'மதம்தான் வெல்கிறது' என்று அப்போது எழுதித் தள்ளினார்கள். பத்து வருடம் கழித்து வந்த அறிக்கையில், அதே 2010-ஆம் ஆண்டுக்கான பங்கு 23.3 சதவீதம் என்று இருக்கிறது. 2020-க்கு 24.2.

ஒரே மையம், ஒரே ஆண்டு, ஏழு சதவீதப் புள்ளி வேறுபாடு. இடையில் மக்கள் மாறவில்லை, சீனாவை எண்ணும் முறை மாறியது.

சீனாவில் அரசு அங்கீகரித்த மதங்கள் ஐந்து: பௌத்தம், தாவோயிசம், இஸ்லாம், கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவம். 'உங்கள் மதம் என்ன?' என்று கேட்டால், இப்படி அமைப்பாக இருக்கும் மதங்களில் எதைச் சேர்ந்தவர் என்று கேட்பதாகவே மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பத்தில் ஒருவர்தான் ஏதாவது ஒன்றைச் சொல்கிறார். போதாக்குறைக்கு, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் சுமார் 10 கோடி உறுப்பினர்கள் மத நம்பிக்கை வைத்துக்கொள்ளவே கூடாது.

கேள்வியை மாற்றிக் கேட்டால் வேறு நாடு தெரிகிறது. 2018-இல் எடுத்த ஆய்வொன்றில், கடந்த ஓராண்டில் குடும்பக் கல்லறைக்குப் போனதாகச் சொன்ன வயதுவந்தோர் 75 சதவீதம். ஏப்ரலில் வரும் சிங்மிங் நாளில் குடும்பமாகப் போய்ப் புல்லைச் செதுக்கி, கல்லைத் துடைத்து, பழமும் பலகாரமும் படைத்து, இறந்தவருக்குச் செலவுக்கு ஆகட்டும் என்று காகிதப் பணம் கொளுத்துவார்கள். புத்தரையோ போதிசத்துவர்களையோ நம்புவதாக மூன்றில் ஒருவர் சொன்னார். நம்மூரில் வருடம் தவறாமல் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டும் ஒருவரிடம், 'நீங்கள் எந்த மத அமைப்பின் உறுப்பினர்?' என்று கேட்டால் அவர் விழிப்பார் அல்லவா, அதுதான் அங்கே நடப்பது.

பியூ இப்போது எடுத்திருக்கும் முடிவு, தன்னை ஒரு மதத்தவர் என்று சொல்பவரை மட்டுமே மதத்தவராகக் கொள்வது. முன்பு நாட்டார் வழிபாட்டுக்காரர், பௌத்தர் என்று எண்ணப்பட்ட பல கோடிப் பேர் இந்தக் கணக்கில் மதம் சாராதவர்கள். இதனால் உலகின் 190 கோடி மதம் சாராதவர்களில் சுமார் 130 கோடிப் பேர் சீனர்கள். மீதி உலகத்தை மட்டும் எடுத்தால் மதம் சாராதோர் பத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு படித்தால் பாதிக் கட்டுரைகளின் தலைப்பு கலைந்துபோகும்.

ஜப்பானில் இந்தச் சிக்கல் எதிர்த்திசையில் வேடிக்கை காட்டுகிறது. அங்கே ஷிந்தோ ஆலயங்களும் பௌத்த மடங்களும் தங்கள் அடியார் எண்ணிக்கையை அரசுக்குத் தருகின்றன. கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையைவிடப் பல கோடி அதிகம் வருகிறது. ஒரே குடும்பம் இரண்டு இடத்துக் கணக்கிலும் இருக்கிறது. ஆனால் அவர்களிடமே நேரில் போய்க் கேட்டால் பெரும்பான்மையோர் தங்களுக்கு மதமில்லை என்பார்கள்.

## பிறப்பும் வெளியேற்றமும்

ஒரு மதத்தின் எண்ணிக்கை இரண்டு வழியில் மாறும். ஒன்று, பிறப்பும் இறப்பும். மற்றொன்று, வளர்ந்தபின் ஒருவர் உள்ளே வருவதும் வெளியே போவதும். இடப்பெயர்வு நாடுகளுக்குள் கணக்கை மாற்றும், உலகக் கூட்டுத்தொகையை மாற்றாது.

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கருவள விகிதம் என்கிறோம். 2015–20 காலத்தில் உலக அளவில் அது முஸ்லிம்களுக்கு 2.9, கிறிஸ்தவர்களுக்கு 2.6, இந்துக்களுக்கு 2.3, மதம் சாராதவர்களுக்கு 1.6. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். அதாவது மதம் சாராதோர் கூட்டம் பிறப்பை மட்டும் நம்பியிருந்தால் கரைந்துகொண்டே போயிருக்கும். வெளியேறி வருபவர்களால் அது வளர்கிறது: விட்டுப்போகும் ஒருவருக்கு, சேர்பவர் 3.2 பேர்.

இஸ்லாத்தின் வளர்ச்சி நேர் எதிர். மதமாற்றத்தால் வரும் நிகர லாபம் மிகச் சிறிது. முஸ்லிம்களின் சராசரி வயது 24, மற்றவர்களுடையது 33. பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் அதிகம், பிள்ளைகளும் அதிகம். அவ்வளவுதான் ரகசியம். 'மதமாற்றத்தால் உலகை வளைக்கிறார்கள்' என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

கிறிஸ்தவம் இரண்டுக்கும் நடுவில் நசுங்குகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடிக்கணக்கில் இழக்கிறது, ஆப்பிரிக்காவில் பெறுகிறது. சகாராவுக்குத் தெற்கே 1900-இல் சுமார் 70 லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 2010-இல் 47 கோடி. 2020-இல் உலகக் கிறிஸ்தவர்களில் 30.7 சதவீதம் அங்கே, ஐரோப்பாவில் 22.3 சதவீதம்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் நாட்டு அரசியலில் இந்தக் கருவள எண்களை அடிக்கடி ஆயுதமாக எடுக்கிறார்கள். மத அடையாளம் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில்லை. பெண் கல்வி, குழந்தை இறப்பு, வருமானம், கருத்தடை வசதி ஆகியவையே பெரிதும் தீர்மானிக்கின்றன. ஈரானில் 1980-களின் தொடக்கத்தில் 6-க்கு மேல் இருந்த விகிதம், இஸ்லாமியக் குடியரசின் ஆட்சியிலேயே இரண்டு பத்தாண்டுகளுக்குள் சுமார் 2-க்கு இறங்கியது. இந்தியாவில் 1992–93 தேசியக் குடும்பநல ஆய்வில் முஸ்லிம்களுக்கு 4.4, இந்துக்களுக்கு 3.3. 2019–21 ஆய்வில் 2.36, 1.94. இடைவெளி 1.1-இலிருந்து 0.4-ஆகச் சுருங்கிவிட்டது. அதே ஆய்வில் பீகாரின் மொத்த விகிதம் 3.0, தமிழ்நாட்டினது 1.8. மதத்துக்கு மதம் உள்ள வித்தியாசத்தைவிட மாநிலத்துக்கு மாநிலம் உள்ள வித்தியாசம் பெரிது.

## வெளியேறும் வாசல் எங்கே இருக்கிறது?

ஒரு நாட்டில் மதத்தைவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்ற எண், அந்த நாட்டில் வெளியேற வாசல் இருக்கிறதா, எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. நான் பார்த்தவரை, இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

ஜெர்மனியில் வாசலில் பலகையே மாட்டியிருக்கிறது. கத்தோலிக்க அல்லது புராட்டஸ்டண்ட் திருச்சபையில் பதிவானவரின் வருமான வரியின்மீது 8 அல்லது 9 சதவீதம் திருச்சபை வரி போடப்படும். வேலை தரும் நிறுவனமே சம்பளத்தில் பிடித்துவிடும். ஆண்டுக்கு 10,000 யூரோ வருமான வரி கட்டுபவர் 900 யூரோ வரை திருச்சபைக்குக் கட்டுகிறார். வேண்டாமென்றால் உள்ளூர் நீதிமன்றத்துக்கோ பதிவாளர் அலுவலகத்துக்கோ அடையாள அட்டையுடன் போய், பல மாநிலங்களில் 30 யூரோ வாக்கில் கட்டணம் செலுத்திக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. சம்பளச் சீட்டில் அந்த வரி மறைந்துவிடும். 2022-இல் இப்படிக் கையெழுத்துப் போட்ட கத்தோலிக்கர்கள் 5,22,821 பேர். குருக்களின் பாலியல் குற்றங்கள் பற்றிய 2018 ஆய்வும் (1946 முதல் 2014 வரை 3,677 பாதிக்கப்பட்டவர்கள்), அதே குற்றங்கள் பற்றி 2022 ஜனவரியில் வந்த மியூனிக் மறைமாவட்ட அறிக்கையும் பலரை அந்த மேசைக்கு அனுப்பின. வெளியேறியவர் எல்லாம் அன்றைக்குத்தான் நம்பிக்கை இழந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பல வருடம் போகாமல் இருந்தவர்களுக்கு வரி ஒரு காரணத்தைக் கொடுத்தது.

எதிர்முனையில் சுவர். 2019-இல் 22 நாடுகளில் மதத்தைத் துறப்பது குற்றமாகச் சட்டத்தில் இருந்தது. அப்படிப்பட்ட சூழலில் நேரில் வந்து கேட்கும் ஆய்வாளரிடம் 'நான் விட்டுவிட்டேன்' என்று யார் சொல்வார்கள்? ஈரானின் அரசுக் கணக்கில் 99 சதவீதத்துக்கு மேல் முஸ்லிம்கள். 2020-இல் நெதர்லாந்திலிருந்து பெயர் கேட்காமல் இணையவழி நடத்திய ஓர் ஆய்வில் தன்னை ஷியா முஸ்லிம் என்றவர்கள் மூன்றில் ஒருவர்தான். இணையத்தில் தாமாக வந்து பதிலளித்தவர்கள் மொத்த நாட்டையும் பிரதிபலிப்பார்கள் என்று சொல்ல முடியாது என்பதால் இரண்டாவது எண்ணையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. உண்மை எங்கோ நடுவில் இருக்கிறது. சோவியத் அரசு நாத்திகத்தைத் திணித்தபோது மக்கள் மதத்தை ஒளித்துவைத்தார்கள். மதத்தைத் திணிக்கும் அரசின்கீழ் அவநம்பிக்கையை ஒளித்துவைக்கிறார்கள். எண்ணுபவருக்கு இரண்டிலும் சிரமம் ஒன்றே.

## பணக்கார நாடுகளில் ஏன் குறைகிறது?

தொழில்மயமாதலும் அறிவியலும் வந்தால் மதம் தானாக உதிரும் என்பது பழைய கோட்பாடு. சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1968-இல், 21-ஆம் நூற்றாண்டில் நம்பிக்கையாளர்கள் சிறுசிறு குழுக்களாக ஒடுங்கிப்போவார்கள் என்றார். 1999-இல் அவரே, உலகம் எப்போதும்போல் மதவெறியோடும் மதப்பற்றோடும்தான் இருக்கிறது, எங்கள் கோட்பாடு தவறு என்றார். இடையில் ஈரானியப் புரட்சி, அமெரிக்காவில் கிறிஸ்தவ வலதுசாரிகள், லத்தீன் அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே அலை எல்லாம் வந்துவிட்டிருந்தன. என்னைக் கேட்டால் பெர்கர் முதலிலும் அவசரப்பட்டார், பின்வாங்கியதிலும் கொஞ்சம் அவசரப்பட்டார். அவர் மறைந்தது 2017-இல். அமெரிக்காவின் பெரிய சரிவு அதற்குள் தொடங்கிவிட்டிருந்தது.

இன்று ஆய்வாளர்கள் முன்வைக்கும் காரணங்களில் கனமானவை மூன்று.

1. பாதுகாப்பு. ரொனால்ட் இங்கிள்ஹார்ட்டும் பிப்பா நாரிஸும் சொன்னது: பஞ்சம், நோய், குழந்தைச் சாவு, முதுமையில் வறுமை ஆகிய பயங்களோடு வளர்பவர்களுக்கு மதம் இன்றியமையாதது. மருத்துவமனையும் ஓய்வூதியமும் உறுதியாகிவிட்ட தலைமுறைக்கு அந்த அவசரம் குறைகிறது. 2007 முதல் 2019 வரை தரவு கிடைத்த 49 நாடுகளில் 43-இல் மதப்பற்று குறைந்ததாக இங்கிள்ஹார்ட் கணக்கிட்டார். முக்கியமான விதிவிலக்கு இந்தியா.

2. கைமாற்றம் தவறுவது. வயதுவந்தவர்கள் விவாதத்தில் தோற்று மதத்தை விடுவது அரிது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகாமல் நின்றுவிடுவதே அதிகம். பிரிட்டனைப் பற்றி டேவிட் வோஸ் கண்டது: பெற்றோர் இருவரும் மதப்பற்றுள்ளவர்களாக இருந்தால் பிள்ளை அப்படி ஆவதற்கு ஏறக்குறையப் பாதி வாய்ப்பு. ஒருவர் மட்டும் என்றால் அதிலும் பாதி. இருவரும் இல்லையென்றால் கிட்டத்தட்டப் பூஜ்யம். அப்புறம் தலைமுறைக்குத் தலைமுறை சரிவு தன்போக்கில் நடக்கும், யாரும் பிரச்சாரம் செய்யத் தேவையில்லை.

3. அரசியல் கசப்பு. பணக்கார அமெரிக்கா நெடுங்காலம் மதப்பற்றோடு இருந்து முதல் காரணத்துக்கு முரணாக நின்றது. 1991 வாக்கில் மதம் சாராதோர் 10 சதவீதத்துக்குள். அதன்பின் ஏறிய ஏற்றத்துக்கு, திருச்சபைகள் குடியரசுக் கட்சி அரசியலோடு பின்னிக்கொண்டதை மைக்கேல் ஹவுட்டும் கிளாட் ஃபிஷரும் ஒரு காரணமாகக் காட்டினார்கள். மிதவாதிகளும் தாராளவாதிகளும் 'இதுதான் கிறிஸ்தவம் என்றால் எனக்கு வேண்டாம்' என்று அடையாளத்தைக் கழற்றினார்கள். 2020-க்குப் பின் அந்த ஏற்றம் நின்று சமநிலையில் இருக்கிறது.

இந்தச் சரிவுக்கு ஒரு வரிசையும் இருக்கிறது. லோசான் பல்கலைக்கழகத்தின் யோர்க் ஸ்டோல்ஸும் சக ஆய்வாளர்களும் 2025-இல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் தரவை வைத்துச் சொன்னது: முதலில் வழிபாட்டுக்குப் போவது குறையும், பிறகு மதம் முக்கியம் என்ற எண்ணம், கடைசியாகத்தான் அடையாளம் உதிரும். ஆப்பிரிக்க நாடுகள் பல முதல் கட்டத்தின் வாசலில், ஐரோப்பிய நாடுகள் பல கடைசிக் கட்டத்தில். ரஷ்யா போன்ற ஆர்த்தடாக்ஸ் நாடுகள் இந்த வரிசைக்கு ஒத்துவரவில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

## அப்படியானால் அந்த 10,384 பேர்?

அவர்கள் உண்மையான மனிதர்கள், எண்ணும் உண்மை. பக்கத்தில் வைக்க வேண்டிய எண் குழந்தைத் திருமுழுக்கு. பிரான்சில் 2000-ஆம் ஆண்டுவாக்கில் ஆண்டுக்கு 4 லட்சத்தை ஒட்டி இருந்தது, இன்று ஏறக்குறையப் பாதி. வயதுவந்து திருமுழுக்கு வாங்குபவர்கள் கூடுவதற்கு ஒரு காரணமே, சிறு வயதில் அதைப் பெறாமல் வளர்ந்தவர்கள் பெருகியிருப்பதுதான். வளர்ச்சி வேகம் 45 சதவீதம் என்பது சிறிய அடித்தளத்தின்மேல் ஏறிய எண்.

பிரிட்டன் கருத்துக்கணிப்பின் சிக்கல் வேறு. அது தாமாகப் பதிவு செய்துகொண்டு, பரிசுப் புள்ளிகளுக்காகப் பதில் சொல்லும் இணையக் குழுவை வைத்து எடுத்தது. இப்படிப்பட்ட குழுக்களில், குறிப்பாக இளைஞர்கள் பெயரில், அவசரமாகவும் பொய்யாகவும் தட்டிவிடுபவர்கள் கலந்துவிடுகிறார்கள். குலுக்கல் முறையில் முகவரி எடுத்து நடத்தும் பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில் அந்த எழுச்சி தென்படவில்லை. அரபு நாடுகளிலும் இப்படி ஒரு அவசரம் நடந்தது: 2013-க்கும் 2018–19-க்கும் நடுவே 'மதப்பற்றில்லை' என்பவர்கள் 8 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாக உயர, 'அரபு இளைஞர்கள் மதத்தைக் கைவிடுகிறார்கள்' என்று உலகமே எழுதியது. அடுத்த சுற்று ஆய்வில் அந்தப் போக்கு திரும்பிவிட்டது. அதை எழுதியவர்கள் குறைவு.

## விளைவுகள்

நாட்டுக்குள் நடக்கும் விளைவுக்கு இஸ்ரேல் கூர்மையான உதாரணம். தீவிர ஆசாரவாதிகளான ஹரேதி யூதர்கள் மக்கள்தொகையில் 13 சதவீதத்தை ஒட்டி இருக்கிறார்கள். அவர்கள் பெண்களுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல், மதப்பற்றில்லாத யூதர்களுக்கு சுமார் இரண்டு. மதப்பள்ளி மாணவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து இருந்த விலக்கு, நாடு உருவானபோது சில நூறு பேருக்கான சலுகை. இன்று பல்லாயிரம் பேருக்கு. போர் நடந்துகொண்டிருந்த 2024 ஜூனில், விலக்குக்குச் சட்ட ஆதாரம் இல்லை, அழைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கூட்டணி அரசுகள் இந்த ஒரு விஷயத்தில் ஆட்டம் காண்பது தொடர்கிறது.

திருச்சபைகளுக்குள் அதிகாரம் தெற்கே நகர்கிறது. பணம் வடக்கில், ஆள் தெற்கில். 2023 டிசம்பரில், ஒருபால் இணையருக்கு ஆசி வழங்க வத்திக்கான் அனுமதித்தபோது, அடுத்த மாதமே ஆப்பிரிக்க ஆயர்கள் 'எங்கள் கோயில்களில் நடக்காது' என்று கூட்டாக அறிவித்தார்கள், போப்பும் ஏற்றுக்கொண்டார். அதற்கு முன்பே, 2023 பிப்ரவரியில், இதே விவகாரத்தில் தெற்கு நாடுகளின் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த) பேராயர்கள், கேன்டர்பரி பேராயரைத் தங்கள் தலைவராக ஏற்க முடியாது என்றார்கள். ஜெர்மானியப் பங்குகளில் ஞாயிறு திருப்பலி வைக்கக் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் குருக்கள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வரிப்பணம் இருக்கிறது, பீடமேற ஆளில்லை.

மூன்றாவது விளைவு சீனாவிலிருந்து வரும். 2022 முதல் அதன் மக்கள்தொகை குறையத் தொடங்கிவிட்டது, கருவள விகிதம் 1.0 அளவில். உலகின் மதம் சாராதவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அங்கே இருப்பதால், மேற்கில் எத்தனை பேர் வெளியேறினாலும் உலகப் பங்கில் ஒரு இறங்குமுகம் வரலாம். அந்த நாளில் 'மதம் மீண்டது' என்று தலைப்பு வரும், அது சீன முதியோர் இறப்பின் கணக்காக இருக்கும்.

## இந்தியா ஏன் தனி?

2011 கணக்கெடுப்பில் 'மதம் குறிப்பிடாதவர்' 28.7 லட்சம், 0.24 சதவீதம். 1925-இல் சுயமரியாதை இயக்கம் பிறந்த தமிழ்நாடும் இதற்குப் பெரிய விதிவிலக்கு அல்ல. கடவுள் மறுப்பைப் பேசும் கட்சிகளுக்கு வாக்களித்துவிட்டு ஆடிக் கூழ் ஊற்றுவதில் இங்கே யாருக்கும் சங்கடம் இருந்ததில்லை. மதம் மிக முக்கியம் என்போர் இந்திய அளவில் 84 சதவீதம், தென்னிந்தியாவில் 69 சதவீதம் என்கிறது பியூ. குறைவுதான், ஆனால் அடையாளத்தில் அது தெரிவதில்லை.

காரணம் வாசல். 1955 இந்து திருமணச் சட்டம், முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எவருக்கும் பொதுவாகப் பொருந்தும். இந்துக் குடும்பத்தில் பிறந்த நாத்திகர் சட்டத்தின் கண்ணில் இந்துதான். புரோகிதர் இல்லாத, தாலியும் கட்டாயமில்லாத சுயமரியாதைத் திருமணத்தை அண்ணா அரசு 1967-இல் சட்டபூர்வமாக்கியதும் அந்த இந்து திருமணச் சட்டத்துக்குள் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்துத்தான். சடங்கை மறுத்தவர்களின் கல்யாணமும் இந்துக் கல்யாணமாகவே பதிவானது. பட்டியல் சாதியினருக்கு இன்னும் இறுக்கம். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கியர் (1956 முதல்), பௌத்தர் (1990 முதல்) தவிர வேறு மதத்துக்குப் போனால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும். எனவே ஞாயிறு தேவாலயம் போகும் சிலர் சான்றிதழில் இந்துவாகவே இருக்கிறார்கள். 'சாதி, மதம் அற்றவர்' என்று 2019-இல் தமிழ்நாட்டில் ஒருவர் வட்டாட்சியரிடம் சான்றிதழ் வாங்கியது நாடு முழுக்கச் செய்தியானது. அதற்குப் பல வருடம் விண்ணப்பித்து அலைய வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ஒரு கையெழுத்து.

2027 கணக்கெடுப்பு மத எண்களோடு வரும்போது, இந்துக்கள் எத்தனை புள்ளி, முஸ்லிம்கள் எத்தனை புள்ளி என்பதற்கே சண்டை நடக்கும். மதம் குறிப்பிடாதவர் அரை சதவீதத்தைத் தாண்டுவார்கள் என்றுகூட நான் எதிர்பார்க்கவில்லை. படிவத்தில் மதத்தை எழுதாமல் விடுவதால் ஒருவருக்குக் கிடைப்பது எதுவுமில்லை. எழுதினால் போவதும் எதுவுமில்லை. கோயிலுக்குப் போவது குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று அந்தப் படிவம் கேட்கப்போவதும் இல்லை.